கிழக்கு வரப்போரம் ஒரு வாய்க்கால்

மங்களாம்பிகையை விவசாயி என்று யாரும் சொன்னதில்லை. கூட்டுறவு சங்கத்துக்கு உரம் வாங்கப் போனால், "குணசேகரன் வீட்டம்மா வந்திருக்காங்க" என்பார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போடும்போதும் குணசேகரன் பேரைத்தான் கூப்பிடுவார்கள்; இவள் போய் நிற்பாள். பட்டா அவர் பேரில், சிட்டா அவர் பேரில், பயிர்க் காப்பீடும் அவர் பேரில். அந்தக் குணசேகரனோ இருபது வருஷமாக மஸ்கட்டில், ஒரு கட்டட கம்பெனியின் கிடங்கில் சிமெண்ட் மூட்டைக்கும் கம்பிக்கும் காவல் இருந்தார். நாற்றங்காலுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கடலே கிடந்தது. ஆனாலும் காகிதத்தில் உழுதவர், விதைத்தவர், அறுத்தவர் எல்லாம் அவர்தான். மங்களத்துக்கு இதில் பெரிய வருத்தம் என்று சொல்ல முடியாது. வருத்தப்பட நேரம் வேண்டும்.

வேளாங்கண்ணி பஸ்ஸில் ஏறி, வேளாங்கண்ணிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி மேற்கே நடந்தால் வருகிற கடைமடை கிராமம் அது. காவிரி எல்லா ஊருக்கும் கொடுத்து முடித்த பிறகு, மிச்சம் ஏதாவது இருந்தால் வந்து எட்டிப் பார்க்கும் இடம். மங்களம் பிறந்தது திருவிடைமருதூர்ப் பக்கம். அங்கே தண்ணீரை யாரும் யோசித்ததே கிடையாது. காலையில் எழுந்தால் வாய்க்காலில் ஓடும், அவ்வளவுதான். கல்யாணமாகி இங்கே வந்த வருஷம், அணை திறந்த செய்தி ரேடியோவில் வந்ததும் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் தலைப்பில் போய் உட்கார்ந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர இன்னும் பல நாள் ஆகும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் போய் உட்கார்ந்தார். சில வருஷம் கழித்து அதே இடத்தில் அவளே போய் உட்காரத் தொடங்கினாள். அப்போது சிரிக்க ஆளில்லை.

தொண்ணூறுகளில் அந்த ஊரில் பாஸ்போர்ட் எடுக்காத வாலிபன் இல்லை. முஸ்லிம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றத் தெருக்காரர்களும் கிளம்பினார்கள். குணசேகரன், "ரெண்டு வருஷம்தான், கடனை அடைச்சுட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது மகள் ஷோபனாவுக்கு நடக்கக்கூடத் தெரியாது. ஷோபனா படித்து, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவுக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தும் ஆயிற்று. அந்த இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லை.

போனவர் வெறுமனே இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, பக்கத்திலிருந்த நிலத்தை வாங்கிச் சேர்த்தார். பரம்பரை நிலமும் வாங்கியதுமாகச் சேர்ந்து மூன்று ஏக்கர். ஊர்க் கணக்கில் ஒன்பது மா. விடுமுறையில் வந்தால் கோடையில்தான் வருவார். காதுகுத்து, கல்யாணம், நாகூரில் ஒருநாள், வேளாங்கண்ணியில் ஒருநாள் என்று லீவு கரைந்துவிடும். சாலையில் நின்றபடியே வயலைக் கையால் சுட்டிக்காட்டி, கூட வந்தவர்களிடம் "அதுதான் நம்மளது" என்பார். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கி அவள் பார்த்ததில்லை.

அந்த வயல்களுக்குத் தண்ணீர் பாயும் விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வாய்க்கால் எல்லா வயலையும் தொட்டுக்கொண்டு போகாது. வாய்க்காலிலிருந்து முதல் வயலுக்குப் பாயும். அது நிரம்பி, வரப்பில் வெட்டிய மடை வழியாக அடுத்த வயலுக்கு. அது நிரம்பி அதற்கடுத்ததற்கு. மங்களத்தின் வயலுக்கு மேலே ரசியா பேகத்தின் வயல். கீழே, கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த கண்ணுசாமியின் வயல். அதற்கும் கீழே வடிகால். மேல் வயல்காரர் விடும் தண்ணீரைக் கீழே இருப்பவர் மறிக்கக் கூடாது. தனக்குப் போதும் என்று மடையை அடைக்கவும் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் வரப்புத் தகராறில் அரிவாள் தூக்கிய குடும்பங்கள்கூட மடையை மட்டும் அடைத்ததில்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் நாற்று விட்டு ஒரே சமயத்தில் நட்டுக்கொண்டிருந்த வரைக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு தொந்தரவும் இல்லாமல்தான் இருந்தது.

பிறகு தண்ணீருக்குத் தேதி மறந்துபோனது. ஜூனில் திறக்க வேண்டிய அணை ஆடியில் திறந்தது, ஆவணியில் திறந்தது, சில வருஷம் திறந்தும் கடைமடைக்கு வரவில்லை. ஜூன் தண்ணீரில் நடுகிற குறுவை என்ற சொல்லே ஊரில் புழக்கத்திலிருந்து போய்விட்டது. ஆடிப்பெருக்குக்குப் பெண்கள் அடிகுழாயைச் சுற்றி நின்று மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். மழையும் சொல்பேச்சுக் கேட்பதாக இல்லை. ஐப்பசி முழுக்க நிதானமாகப் பெய்ய வேண்டியதை ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, பயிர் மூழ்கியதா பிழைத்ததா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் போனது. குணசேகரன் பணம் அனுப்பி ஆழ்குழாய்க் கிணறு போடச் சொன்னார். போட்டாள். இரண்டு போகம் நல்ல தண்ணீர் வந்தது. மூன்றாவதில் பயிரின் நுனி கருகியது. தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தாள், கடல். இன்னும் ஆழமாகப் போடச் சொன்னார். ஆழமாகப் போட்டால் இன்னும் உப்பு வரும் என்று சொன்னதற்கு, "நீ எதுக்கும் ஒரு நொள்ளை சொல்லுவே" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த நாட்களில்தான் வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். தண்ணீருக்காகக் காத்திருந்து நாற்று விட்டு நடுவதை விட்டுவிடுங்கள், கோடை மழையில் உழுது புழுதியாக்கி வையுங்கள், ஆவணியில் காய்ந்த மண்ணிலேயே நேரடியாக விதையுங்கள், முதல் மழைக்கு முளைத்துக்கொள்ளும் என்றார். அணைத் தண்ணீர் பிந்தினாலும் பயிர் அதற்குள் வேர் பிடித்திருக்கும், வெள்ளம் வந்தாலும் நாற்றைப் போலத் தலைசாயாது என்றார். தெற்கே சில ஊர்களில் செய்துகொண்டிருந்ததுதான். கூட்டத்தில் வடையும் டீயும் கொடுத்தார்கள். ஆண்கள் வடையைப் பற்றிப் பேசிக்கொண்டே கலைந்தார்கள். மங்களம் மட்டும் வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாள். வாய்க்கால் தலைப்பில் போய் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டும் ரேடியோ கேட்டுக்கொண்டும் இருப்பது அவளுக்கு அலுத்துவிட்டது. இனி ஒருதரம்கூட அப்படிப் போய் உட்கார முடியாது என்று தோன்றியது.

அந்த வருஷம் ஆவணியில் புழுதியில் விதைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. விதைப்புச் சரியாக வராவிட்டால் ஊர் சிரிக்கும் என்ற பயம். மேல் வயல் ரசியாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு சின்ன மழை பெய்தது. புழுதிக்குள்ளிருந்து பச்சை ஊசிகள் கிளம்பின. அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம், ஷோபனா முதன்முதலில் சம்பளம் வாங்கினேன் என்று போன் செய்த அன்றுகூட வரவில்லை. வயலோரம் நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

முளை விரல்கணு உயரம்கூட வரவில்லை, புரட்டாசி பிறந்ததும் அணையைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வந்துவிட்டது. கோடையெல்லாம் காத்திருந்த ரசியா மடையைத் திறந்து, சேறடிக்கத் தன் வயலை நிரப்பினாள். அது நிரம்பி மங்களத்தின் வயலுக்குள் இறங்கியது. மங்களம் மண்வெட்டியோடு ஓடினாள். மேல் வரப்பு மடையருகே போய் நின்றாள். அடைக்க ஒரு வெட்டு மண் போதும். கீழே பார்த்தால் கண்ணுசாமி துண்டைத் தோளில் போட்டபடி, உழுத வயலில் நின்று தண்ணீர் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த வழியை விட்டால் வேறு வழி கிடையாது.

"விதைச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வரப்பில் ஏறி வந்தார். பச்சை ஊசிகள் தண்ணீருக்குள் போவதைப் பார்த்தார். "அடடா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? மேல வயலு அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"இப்ப அடைச்சா உங்களுக்கு வராதே, கண்ணுசாமி அண்ணே."

"வராதுங்க." அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "அடைச்சுக்குங்கன்னு சொல்லத்தான் வாய் வருது. சொல்லிட்டு நான் எங்கங்க போவேன்?"

அவள் அடைக்கவில்லை. அடைக்காதது மட்டுமில்லை, தண்ணீர் சீக்கிரம் கடந்து போகட்டும் என்று கீழ் மடையைத் தன் கையாலேயே அகலமாக வெட்டிவிட்டாள். பயனில்லை. சேறடிக்க வேண்டும் என்று வடிகால் பக்கத்தை அடைத்திருந்த கண்ணுசாமியின் வயல் நிரம்பியதும் தண்ணீர் மேலே போகவும் வழியில்லாமல் கீழே போகவும் வழியில்லாமல் நடுவில் தேங்கி நின்றது. அது வடிந்தபோது வயலில் புளித்த கஞ்சி வாடை அடித்தது. முளை முழுக்க அழுகியிருந்தது. அந்தப் பருவத்தில் மறுபடி விதைக்கவும் முடியவில்லை, நடவும் முடியவில்லை.

தப்பு விதைத்ததில் இல்லை, தனியாக விதைத்ததுதான் தப்பு என்று அவளுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. மேலே ஒருத்தி கீழே ஒருவர் என்று வயல்கள் ஒன்றின் கழுத்தை ஒன்று கட்டிக்கொண்டு கிடக்கும் ஊரில், ஒருத்தி மட்டும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியுமா? இதை யாரிடம் சொல்ல என்றுதான் தெரியவில்லை.

குணசேகரனிடம் போனில் சொன்னபோது அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"வித்துடலாம் மங்களம்" என்றார். "இறால் குட்டை போடுறதுக்கு ஒருத்தன் கேக்குறானாம். மச்சான் சொன்னாரு. எத்தனை வருஷந்தான் தண்ணியில போடுறது? அடுத்த தையில நெல்லு வீட்டுக்கு வந்தா பாப்போம். இல்லாட்டி குடுத்துடுவோம்."

"குடுத்துட்டு?"

"குடுத்துட்டு நீ ஷோபனாகூட போயி இரு. ஃபேன் காத்துல உக்காந்து சாப்புடு."

சரி என்று சொல்லத்தான் அவளுக்கும் ஆசையாக இருந்தது. முழங்கால் வலி வந்துவிட்டிருந்தது. கண் மங்கத் தொடங்கியிருந்தது. இறால் குட்டை வந்தால் சுற்றியுள்ள வயலெல்லாம் உப்பாகிவிடும், கண்ணுசாமி பிழைக்க முடியாது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அவளைப் பிடித்து நிறுத்தியது அது இல்லை. அந்த ஒன்பது மாவில்தான் அவளிடம் நாலு பேர் ஒரு விஷயம் கேட்பார்கள். எப்போது உழலாம், என்ன நெல் போடலாம், ஆள் எத்தனை வேண்டும் என்று கேட்டால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். சென்னையில் அவளிடம் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்பார்கள்.

மாசி மாதம் ஒரு நாள் ரசியாவின் வீட்டுக்குப் போனாள். ரசியாவின் கணவர் மீரா உசேன் புருனேயில் இருந்தார். குணசேகரனுக்கும் முன்பே போனவர். ஊருக்கு மருமகளாக வந்த நாள் தொட்டு ரசியாவை மங்களத்துக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் புருஷன் என்றால் ஒரு குரல்தான். முன்பு எஸ்டிடி பூத்தில் வந்த குரல், இப்போது கைப்பேசியில் வருகிற குரல். ரசியா வாயாடி. மங்களம் சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

"என் தண்ணியாக்கா உங்க பயிரை அழிச்சுச்சு? அல்லாவே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ரெண்டு வாரம் பொறுத்திருக்க மாட்டேனா?"

"நீ பொறுத்திருப்பே. கண்ணுசாமி அண்ணன் பொறுக்க முடியாதே. அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் மங்களம். தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். "உன் வயலு, என் வயலு, ரெண்டுத்துக்கும் கிழக்கு வரப்பை ஒட்டி, மேல வாய்க்கால்லேர்ந்து கண்ணுசாமி அண்ணன் வயலு வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டிடுவோம். அப்படியே வடிகால்ல கொண்டு போயி சேத்துடலாம். யாருக்கு வேணுமோ அவங்க மடையைத் திறந்துக்கட்டும். வேணாம்னா அடைச்சுக்கட்டும். ஒருத்தர் வயல்ல இன்னொருத்தர் தண்ணி போக வேணாம். வெள்ளம் வந்தாலும் அது வழியா வடிஞ்சுடும்."

"நிலம் போகுமே?"

"போகும். உனக்கும் போகும், எனக்கும் போகும்."

ரசியா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"

கேட்டிருந்தாள். போன வாரம்தான் கேட்டாள். ஒரு முழம் மண்கூட விடக் கூடாது என்று குணசேகரன் சொல்லிவிட்டார். விற்கப் போகிற நிலத்தில் வாய்க்கால் வெட்டினால் அளவு குறையும், விலையும் குறையும். நான் இங்கே வெயிலில் வெந்து வாங்கிய மண், வெட்டி வீணாக்கத்தானா என்று கேட்டார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அந்த வெயிலை அவள் போட்டோவில் பார்த்திருக்கிறாள்.

"கேட்டேன். வேணாம்னுட்டாரு."

"அதான் தப்பு. நான் கேக்கவே போறதில்லை" என்றாள் ரசியா. "கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க. அங்கேர்ந்து வேற என்ன சொல்ல முடியும் பாவம்! கேக்காம இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு வயலு எந்தப் பக்கம்னே மறந்திருக்கும். டீயைக் குடிங்க, ஆறுது."

பொக்லைன் வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் அது ஊருக்குள் வந்தால் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தால் அன்றைக்கே மஸ்கட்டுக்கும் தெரிந்துவிடும். அதனால் ஆள் வைத்துத்தான் வெட்டினார்கள். நடவுக்கு வழக்கமாக வரும் செவ்வந்தியும் அவள் கூட்டத்துப் பெண்களும் மண்வெட்டியும் பாண்டுமாக வந்தார்கள். சித்திரை வெயில். மங்களம் அவர்களோடு சேர்ந்து மண் சுமந்தாள். இரண்டாம் நாள் செவ்வந்தி பாண்டைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இனிமே நடவு இல்லைங்களா?"

"விதைக்கப் போறோம் செவ்வந்தி."

"அப்ப எங்களுக்கு?"

"களை நிறைய வரும். களை எடுக்க வரணும் நீங்க."

"வர்றோம். ஆனா களைக்கு இத்தனை பேரு வேணாமே" என்றாள் செவ்வந்தி. கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து அலுத்துப்போன குரல். "இதுல பாதிப் பேரு திருப்பூருக்குப் போயிடும். நாங்களே வெட்டிக்கிட்டு நாங்களே போறோம் பாருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். மங்களத்தால் சிரிக்க முடியவில்லை. தன் வயல் பிழைக்க வெட்டுகிற வாய்க்காலில் இன்னொருத்தியின் பிழைப்பு ஓடிப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் பாண்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

வெட்டிய மண் சரியாமல் இருக்க, ரசியா தன் கொல்லையிலிருந்து பூவரசங் கம்புகளை வெட்டிக் கொண்டுவந்து கரையில் ஊன்றினாள். அந்த ஆவணியில் மூன்று வயலிலும் புழுதியில் விதைத்தார்கள். கண்ணுசாமியும் சேர்ந்துகொண்டார். அணைத் தண்ணீர் வந்தபோது மூவரும் மடையை அடைத்துவிட்டு வரப்பில் நின்று, தண்ணீர் தங்கள் வயலைத் தொடாமல் கிழக்கு ஓரமாகப் போய் வடிகாலில் விழுவதைப் பார்த்தார்கள். தண்ணீரை வேண்டாம் என்று சொல்வது கண்ணுசாமிக்கு அதுவே முதல்முறை. அவர் கையெடுத்துக் கும்பிட்டார், தண்ணீரையா மங்களத்தையா என்று தெரியவில்லை. கார்த்திகையில் வழக்கம்போல வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வெள்ளம் வயலில் ஏறிய வேகத்திலேயே அந்த வாய்க்கால் வழியாக இறங்கிப் போனது. தையில் நெல் வீட்டுக்கு வந்தது. ஆகா ஓகோ என்று இல்லை, சுமாரான விளைச்சல். வந்ததே பெரிசு.

"ஒரு வருஷம் தப்பிச்சா ஆச்சா?" என்றார் குணசேகரன் போனில். "இறால்காரன் இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான். அடுத்த மார்கழிக்கு நான் வர்றேன். நேர்ல பாத்து முடிவு பண்ணிக்கலாம்."

அன்றிலிருந்து மங்களம் மாதங்களை எண்ண ஆரம்பித்தாள். இருபது வருஷத்தில் அவர் பயிர் நிற்கும் காலத்தில் வந்ததில்லை. வந்தால் வரப்பில் இறங்குவார். இறங்கினால் வாய்க்கால் கண்ணில் படும். தன் சொல்லை மீறி, தன் மண்ணை வெட்டிவிட்டாள் என்று தெரிந்ததும் அந்தக் கோபத்திலேயே நிலத்தைக் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு முறை போன் வரும்போதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுப்பாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டு முடிப்பதற்குள் தைரியம் போய்விடும். அடுத்த போகத்து விதைப்பு முடிந்தது, மழை முடிந்தது, பயிர் கதிர் பொதியும் தொண்டைக் கதிர்ப் பருவத்துக்கு வந்தது. அவளுக்கு அதில் எதுவும் மனதில் ஒட்டவில்லை. பதில்களைத்தான் தயார் செய்துகொண்டிருந்தாள். அந்த மண் இல்லாவிட்டால் மிச்ச மண்ணும் இல்லை என்று சொல்ல வேண்டும். நீங்கள் வெயிலில் வெந்தீர்கள், நான் சேற்றில் ஊறினேன் என்று சொல்ல வேண்டும். ஒருநாள் கிணற்றடியில் வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். அழுகை வந்து பாதியில் நின்றது.

மார்கழியில் குணசேகரன் வந்தார். முடி நரைத்து, வயிறு முன்னால் வந்து, சர்க்கரை மாத்திரை டப்பாவோடு வந்தார். மறுநாள் காலை வெயில் ஏறியதும், "வா, வயலைப் பாத்துட்டு வந்துடுவோம். மத்தியானம் இறால்காரனுக்குப் பதில் சொல்லணும்" என்று கிளம்பினார். மங்களம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

இந்தத் தடவை அவர் சாலையில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார். பயிர் இடுப்பளவு வளர்ந்து பால் பிடித்து நின்றது. ஒரு கதிரை உருவி நகத்தால் கிள்ளிப் பார்த்தார். அப்படியே நடந்து கிழக்குப் பக்கம் திரும்பினார். அங்கே வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கரையிலும் கோரைப்புல் மண்டியிருந்தது. ரசியா ஊன்றிய பூவரசங் கம்புகள் துளிர்த்து ஆள் உயரம் வளர்ந்து தண்ணீர்மேல் நிழல் போட்டுக்கொண்டிருந்தன. குணசேகரன் அதைப் பார்த்தபடியே நின்றார். மங்களம் மண்வெட்டிக் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவர் மெல்லக் கரையில் உட்கார்ந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு காலைத் தண்ணீரில் விட்டார்.

"அடேயப்பா!" என்றார். "இந்த வாய்க்கால்லதான் நானும் பெரியண்ணனும் கெளுத்தி புடிப்போம். பள்ளிக்கூடம் விட்டா நேரா இங்கதான். ஒருநாளு கெளுத்தி முள்ளு குத்தி எனக்குக் காய்ச்சலே வந்துடுச்சு."

மங்களத்துக்கு முதலில் விளங்கவில்லை. கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது.

"இது பழைய வாய்க்கால் இல்லைங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னாள். "இது நான் வெட்டுனதுங்க. போன வருஷக் கோடையில. நீங்க வேணாம்னு சொன்னீங்களே, அதான் இது. நானும் ரசியாவும் சேந்து வெட்டினோம்."

குணசேகரன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு பலமாகச் சிரித்தார்.

"போடி இவளே! எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்குற வாய்க்காலு. தூர்ந்து கிடந்திருக்கும், நீ ஆள வச்சு தூர் வாரியிருப்பே. அதைச் சொல்லு. மரத்தைப் பாரு, கரையைப் பாரு. இது நேத்து வெட்டுன வாய்க்கால் மாதிரியா இருக்கு?" தண்ணீரை ஒரு கை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டார். "அந்தக் காலத்து ஆளுங்க எப்படி யோசிச்சு வெட்டியிருக்காங்க பாத்தியா? பாயவும் வழி, வடியவும் வழி. இது இருக்குற வரைக்கும் இந்த நிலத்துக்கு ஒண்ணும் வராது. வேணாம் மங்களம், விக்க வேணாம். அந்த ஆளுகிட்ட இல்லேன்னு சொல்லிடுறேன்."

நிலம் நின்றுவிட்டது. அதற்காகத்தான் இத்தனை பாடும். சந்தோஷம் வரும் என்று அவள் காத்திருந்து பார்த்தாள், வரவில்லை. ஒன்றரை வருஷமாக எதற்குப் பயந்தோம், யாருக்குப் பயந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இந்த மண்ணை அவரும் மறக்கவில்லைதான். ஆனால் அவர் மறக்காமல் வைத்திருந்த இடத்தில் அவள் இல்லவே இல்லை. தயார் செய்து வைத்திருந்த பதில் ஒன்றுக்கும் கேள்வி வரவில்லை. அவளுக்குக் களைப்பாக இருந்தது, எங்கேயாவது அப்படியே படுத்துவிட வேண்டும் போலிருந்தது.

கீழே கண்ணுசாமி, "அம்மா, கொஞ்சம் தண்ணி விடுறீங்களா? கதிருக்குப் போதலை" என்று குரல் கொடுத்தார்.

"இதோ விடுறேன் அண்ணே" என்றாள் மங்களம். தன் வயலுக்குத் தண்ணீர் திருப்ப வாய்க்காலில் அணை கட்டியிருந்த மண்ணை இரண்டு வெட்டு வெட்டிவிட்டாள். தண்ணீர், குணசேகரனின் காலைத் தொட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனது.